கூரை இல்லேன்னா எடை குறைஞ்சிடாது

தம்பி, "புது மினி கூப்பர் கன்வெர்டிபிளுக்குக் கூரையே இல்ல, அதனால பழைய மாருதி ஆம்னியைவிட லேசு"ன்னு எழுதியிருக்கீங்க. அது அப்படியே தலைகீழ். ஆம்னி ஏறக்குறைய 800 கிலோதான். 796 சிசி எஞ்சின், மெல்லிசா தகடு, வேற என்ன இருக்கு அதுல? மினி 1,200 கிலோவைத் தாண்டும்.

வண்டியோட உடம்பு முறுக்கிக்காம இறுக்கிப் பிடிக்கிறதே கூரைதான். அதை எடுத்துட்டா அடிப்பாகம், கதவுக்குக் கீழ் விளிம்பு, முன்கண்ணாடிச் சட்டம் எல்லாத்துக்கும் கூடுதல் இரும்பு போட்டாகணும். துணிக்கூரையை மடக்குற மோட்டார் எடை வேற. அதனாலதான் அதே காரோட மூடின மாடலைவிடவே கன்வெர்டிபிள் கனமா இருக்கு.

பாதுகாப்புல மினிதான் மேலன்னு சொன்னது சரி. ஆம்னியில டிரைவர் காலுக்கு முன்னாடி தகடைத் தவிர ஒண்ணுமில்ல. ஆனா மாட்டுத்தாவணி பூ மார்க்கெட் லோடுக்கும் மினியே போதும்னீங்க பாருங்க, அங்கதான் இடிக்குது. கூரை மூடியிருந்தா டிக்கி 215 லிட்டர், திறந்தா 160 (மதுரை சித்திரை வெயில்ல எவன் திறப்பான்?). மல்லிகை மூட்டை ரெண்டு வச்சா டிக்கி மூடாது.