முதல் வரியை வெட்டியவர்களுக்கு

இறுதியாண்டு மாணவர்களின் பிரிவுபசார விழாவுக்கு முன்பாக, போதையில் மயங்கியவரின் உயிரைக் காப்பது பற்றி நர்ஸான நான் எழுதிக் கொடுத்த ஒரு பக்கத் துண்டறிக்கை எந்தெந்த வாட்சப் குழுக்களில் எப்படியெல்லாம் சுற்றியது என்பதை உங்களில் பெரும்பாலோர் பார்த்துவிட்டீர்கள். எனவே அந்தக் கதையை முதலிலிருந்து சொல்லப் போவதில்லை. “மாணவர்களுக்குக் குடிக்கக் கற்றுத்தரும் நர்ஸ்” என்ற தலைப்போடு அந்தத் தாளின் படம் என் மாமியாரின் கைப்பேசிக்கே வந்து சேர்ந்தது. அப்போதும் பொறுமையாக இருக்கலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால், என்னை அழைத்த கல்லூரி நிர்வாகமே மீதமிருந்த தாள்களை மாணவர்களிடமிருந்து திரும்ப வாங்கிவிட்டது என்று கேள்விப்பட்ட பிறகு, பேசாமல் இருப்பது சரியாகத் தோன்றவில்லை.

அந்தத் தாளின் முதல் வரி, “குடிக்காமல் இருப்பதுதான் முழுப் பாதுகாப்பு, வேண்டாம் என்று சொல்லும் நண்பரை யாரும் வற்புறுத்தக் கூடாது” என்பது. தடித்த எழுத்தில் அச்சிட்டிருந்தேன். சுற்றுக்கு விடப்பட்ட படத்தில் அந்த வரி இல்லை. யாரோ ஒருவர் உட்கார்ந்து அந்த வரியை மட்டும் வெட்டிவிட்டு, எஞ்சியதைப் பரப்பியிருக்கிறார். அதைப் பார்த்துக் கோபப்பட்டவர்களிடம் எனக்குப் பெரிய வருத்தமில்லை; அவர்களுக்குக் காட்டப்பட்டது பாதித் தாள்தான். வெட்டியவரிடம்தான் எனக்குக் கேள்வி இருக்கிறது. முழுத் தாளையும் படித்துவிட்டு, அதில் சொல்லியிருப்பது என்னவென்று புரிந்துகொண்ட பிறகும் இதைச் செய்ய உங்களுக்கு எப்படி மனம் வந்தது?

எஞ்சிய வரிகளில் என்ன இருந்தது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். போதையில் மயங்கிக் கிடப்பவரை மல்லாக்கப் படுக்க வைக்காதீர்கள், ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாந்தி வந்தால் வெளியே வழியட்டும். தனியாக விட்டுவிட்டு அறைக்கதவைச் சாத்தாதீர்கள். உரக்கக் கூப்பிட்டும் கிள்ளியும் எழாவிட்டால், மூச்சுக்கும் மூச்சுக்கும் இடையே பத்து விநாடிக்கு மேல் இடைவெளி விழுந்தால், உதடோ நகமோ நீலம் பாய்ந்தால், உடல் சில்லிட்டால், வலிப்பு வந்தால், உடனே 108-ஐ அழையுங்கள். வாய்க்குள் விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்காதீர்கள். மோர், எலுமிச்சைச் சாறு, கடுங்காப்பி, தலையில் குளிர்ந்த நீர் ஆகிய எதுவும் இரத்தத்தில் ஏறிய போதையை இறக்காது. பெரும்பகுதி இவ்வளவுதான். இதில் எந்த வரி குடிக்கக் கற்றுத்தருகிறது என்று எனக்குச் சுட்டிக்காட்டுங்கள். பாம்புக்கடிக்கு முதலுதவி சொல்லிக்கொடுத்தால் பாம்பு வளர்க்கச் சொல்கிறோம் என்று யாரும் பொருள் கொள்வதில்லையே.

ஆண்டுக்கணக்கில் அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்த்தவள் என்பதால் ஒன்றைச் சொல்கிறேன். எங்களிடம் வந்து சேரும் இளைஞர்களில் பெரும்பாலோர் குடிநோயாளிகள் அல்லர். பிறந்தநாள் ட்ரீட், வேலை கிடைத்த மகிழ்ச்சி, கல்லூரியின் கடைசி நாள் என்று என்றோ ஒரு நாள், தம் உடல் எவ்வளவு தாங்கும் என்பதே தெரியாமல் குடித்தவர்கள். ஒரு குவார்ட்டர் என்பது 180 மில்லி. நம் ஊரில் விற்கும் பிராந்தி, விஸ்கி, ரம் எல்லாவற்றிலும் பொதுவாக 42.8 விழுக்காடு ஆல்கஹால் இருக்கிறது. கன அளவை எடையாக்கிக் கணக்குப் போட்டால் ஒரு குவார்ட்டருக்குள் ஏறத்தாழ 60 கிராம் ஆல்கஹால் வருகிறது. ஈரல் ஒரு மணி நேரத்தில் வெளியேற்றக்கூடியது சுமார் ஏழு முதல் பத்து கிராம் மட்டுமே. அப்படியானால், பந்தயம் கட்டிக்கொண்டு பத்து நிமிடத்தில் ராவாக உள்ளே இறக்கிய ஒரு குவார்ட்டரை வெளியேற்ற அந்த உடலுக்கு ஆறு மணி நேரமாவது வேண்டும். இரவு பன்னிரண்டு மணிக்குக் குடித்தவர் விடியற்காலையில் வண்டியை எடுத்தாலும் போதையில்தான் ஓட்டுகிறார். இதை எந்தப் பாடப்புத்தகத்தில் நம் பிள்ளைகள் படித்திருக்கிறார்கள்?

இன்னொன்றும் அவர்களுக்குத் தெரிவதில்லை. கடைசி மிடறோடு போதை நின்றுவிடுவதில்லை. வயிற்றில் மிச்சமிருப்பது இரத்தத்தில் கலக்கக் கலக்க, படுத்த பிறகும் அது ஏறிக்கொண்டே இருக்கும். “மட்டையாகிவிட்டான், தூங்கட்டும், காலையில் சரியாகிவிடும்” என்று நண்பர்கள் சொல்லிவிட்டு நகரும் அந்த நேரத்தில்தான், தொண்டையில் எதாவது வந்தால் இருமித் தள்ளும் அனிச்சைச் செயல் அடங்கிப்போகிறது. வாந்தி மூச்சுக்குழாயில் இறங்குகிறது. ஒரு சத்தமும் வராது.

இதை நான் பாடமாக மட்டும் அறிந்தவள் அல்லள். என் சித்தப்பா மகன் ஒருவன் இருந்தான். நண்பன் திருமணத்துக்கு முந்தைய இரவு, ஈரோட்டுப் பக்கம் ஒரு மண்டபத்தின் மொட்டைமாடியில் எல்லோருமாகக் குடித்திருக்கிறார்கள். அவனுக்கு அது பழக்கமே இல்லை. விழுந்தவனை ஜமக்காளத்தில் மல்லாக்கப் படுக்க வைத்து, குளிருமே என்று கழுத்துவரை போர்த்தியும் விட்டிருக்கிறார்கள். அக்கறை இல்லாதவர்கள் என்று அவர்களைச் சொல்ல என்னால் முடியாது. கீழ்த்தளத்தில் பெரியவர்கள் நிறைய பேர் இருந்தார்கள். பந்திக்கு இலை நறுக்கிக்கொண்டு, பூ கட்டிக்கொண்டு, விடிய விடிய விழித்துத்தான் இருந்தார்கள். ஒருவரைக்கூட இந்தப் பையன்கள் எழுப்ப வேண்டியிருக்கவில்லை, படியிறங்கி வந்து சொல்லியிருந்தால் போதும். ஏனப்பா சொல்லவில்லை என்று பிறகு கேட்டபோது, “மாமா திட்டுவாருன்னு பயந்தோம்க்கா” என்றான் அவர்களில் ஒருவன். என் சித்தி இன்றைக்கும் மாடிப்படி உள்ள மண்டபம் எதற்கும் போவதில்லை.

இந்தத் துண்டறிக்கையைப் பகிர்ந்த ஒருவர், “இவர் குடும்பத்தில் குடிகாரர்கள் இருந்திருப்பார்கள், அதனால்தான் வக்காலத்து” என்று எழுதியிருந்தார். ஐயா, எங்கள் வீட்டில் ஒரே ஒரு இரவு குடித்த ஒரு பையன் இருந்தான். அவனுக்காகத்தான் எழுதினேன்.

திட்டு விழும் என்ற பயம். என் தாளின் மையமே அதுதான். சாராயத்தை விடவும் அந்தப் பயம் அதிகப் பேரைக் கொன்றிருக்கும் என்று என் அனுபவத்தில் நினைக்கிறேன். நள்ளிரவில் மருத்துவமனை வாசலில் ஆட்டோ வந்து நிற்கும், இரண்டு பேர் ஒருவனைத் தூக்கி வந்து ஸ்ட்ரெச்சரில் கிடத்துவார்கள், நாங்கள் நாடி பார்த்துவிட்டு நிமிர்வதற்குள் இருவரும் காணாமல் போயிருப்பார்கள். என்ன குடித்தான், எவ்வளவு, எப்போது, கூடவே தூக்க மாத்திரையோ அலர்ஜி மாத்திரையோ போட்டானா, கீழே விழுந்து தலையில் அடிபட்டதா, சர்க்கரை நோய் உண்டா என்று கேட்க ஆளில்லை. பெயரைச் சொல்லக்கூட ஆளில்லை. வந்தவர்கள் கெட்டவர்கள் அல்லர். போலீஸ் கேஸ் ஆகும், விடுதியிலிருந்து நீக்குவார்கள், வீட்டுக்குத் தெரியும் என்று நடுங்குகிறவர்கள். அவசர நிலையில் வரும் எவருக்கும் முதலில் சிகிச்சை, சட்ட நடைமுறைகள் எல்லாம் பிறகுதான் என்று உச்ச நீதிமன்றம் பரமானந்த் கட்டாரா வழக்கில் 1989-லேயே சொல்லிவிட்டது. அந்தத் தீர்ப்பு வந்தபோது பிறந்தேயிராத இந்தப் பிள்ளைகளுக்கு அதை யார் சொன்னோம்?

இனி, ஆட்சேபங்களுக்கு வருகிறேன். “குடிக்காதே என்று மட்டும் சொன்னால் போதாதா?” என்று கேட்கிறார்கள். சொன்னேன். அதைத்தான் வெட்டிவிட்டீர்கள்.

“21 வயது ஆகாதவர்களுக்கு மது விற்பதே சட்டப்படி குற்றம், அவர்களிடம் இதைப் பற்றிப் பேசலாமா?” என்று ஒரு பேராசிரியர் கேட்டிருந்தார். சட்டம் அப்படித்தான் இருக்கிறது. 2003 முதல் இந்த மாநிலத்தில் சில்லறை மது விற்பனையை அரசு நிறுவனமே நடத்துகிறது. மீசை அரும்பாத பையன் கல்லாவில் கை நீட்டும்போது வயதுச் சான்று கேட்கப்படுவதை உங்களில் எத்தனை பேர் கண்ணால் பார்த்திருக்கிறீர்கள்? கடைக்காரரிடம் கேட்காத கேள்வியை, விளைவைச் சுத்தம் செய்கிற நர்ஸிடம் கேட்கிறீர்கள்.

“இதையெல்லாம் ஒரு பெண் பேசலாமா?” என்பதற்கு நான் பதில் சொல்வதாக இல்லை.

ஒரே ஓர் ஆட்சேபத்தைத்தான் நான் உண்மையாகவே யோசித்துப் பார்த்தேன். குடிநோய் மீட்பு மையத்தில் பணியாற்றும் என் தோழி எழுதியிருந்தாள்: “எந்த அளவு மதுவும் உடல்நலத்துக்குப் பாதுகாப்பானது அல்ல என்று உலக சுகாதார நிறுவனமே 2023-இல் கூறிவிட்டது. நீ பாதுகாப்பு என்ற சொல்லை மதுவோடு சேர்த்து எழுதும்போது, பாதுகாப்பாகக் குடிக்க ஒரு வழி உண்டு என்று பையன்கள் எடுத்துக்கொள்ள மாட்டார்களா?” நியாயமான கவலை. ஆனால் இதை யூகத்தால் முடிவு செய்ய வேண்டியதில்லை. அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகம் 2002-இல், மயங்கிக் கிடக்கும் நண்பனுக்காக உதவி கேட்டு அழைக்கும் மாணவர்மீதும் அந்த நண்பன்மீதும் ஒழுங்கு நடவடிக்கை இல்லை என்று விதி கொண்டுவந்தது. பின் வந்த இரண்டு ஆண்டுகளை ஆராய்ந்தவர்கள், உதவி கேட்டு வந்த அழைப்புகள் கூடின, குடிப்பது கூடியதற்குச் சான்று இல்லை என்று பதிவு செய்தார்கள். ஊர் வேறு, பழக்கம் வேறு என்பீர்கள். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பிள்ளைகளின் பயம் எல்லா ஊரிலும் ஒன்றுதான்.

பெண்பிள்ளைகளின் நிலை இன்னும் மோசம். ஒரே அளவு குடித்தாலும் உடலில் நீரின் பங்கு குறைவு என்பதால் அவர்களுக்குப் போதை கூடுதலாக ஏறும். அவர்களுக்கு ஏதாவது ஆனால் தோழிகள் 108-ஐ அழைப்பதற்கு முன்னால், “நாங்க சினிமாவுக்குப் போனோம்” என்ற பொய்யை எல்லோரும் ஒரே மாதிரி சொல்வதற்கு ஒத்திகை பார்க்கிறார்கள். அப்படித் தாமதமாக வந்த ஒரு பெண், நல்லவேளையாகப் பிழைத்தாள். கண் விழித்ததும் அவளுடைய அப்பா கேட்ட முதல் கேள்வி, “யாரோட போன?” என்பது. சேர்ந்து போனவர்கள் சேர்ந்தே திரும்புங்கள், உங்கள் குவளையைக் கண்ணில் படாத இடத்தில் வைக்காதீர்கள், போதையில் இருப்பவர் சொல்லும் சம்மதம் சம்மதமே அல்ல என்று எழுதியதற்கும் எனக்கு வசவு விழுந்தது. பெண்பிள்ளைகளை வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு எனக்கு நன்றி சொல்வார்கள் என்று எதிர்பார்த்தேன். ஒருவரும் சொல்லவில்லை. அதுதான் உள்ளபடி எனக்கு வலித்தது.

பண்ணைவீட்டு விருந்துகளில் பெரிய பாத்திரத்தில் எதையெதையோ ஊற்றிக் கலக்கிக் கொடுக்கும் பழக்கம் பற்றியும் எழுதியிருந்தேன். கண்ணெதிரே மூடி உடைத்துத் திறக்கப்படாத எதையும் தொடாதீர்கள் என்பது மிகையான எச்சரிக்கை என்கிறார்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் என்ற நச்சுப்பொருள் கலந்த சாராயத்துக்கு அறுபதுக்கும் மேற்பட்டோரைப் பறிகொடுத்தோம். ஏழைகளுக்கு மட்டும் நேர்வது அது என்று நினைக்கிறவர்களுக்குச் சொல்கிறேன்: அதே ஆண்டு நவம்பரில் லாவோஸ் நாட்டின் வாங் வியங்கில் ஆறு வெளிநாட்டுச் சுற்றுலாப் பயணிகள் மெத்தனாலால் இறந்தார்கள், அவர்களில் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த இரண்டு பெண்களுக்கு 19 வயது. மெத்தனாலுக்கு நிறமும் இல்லை, தனியாகக் கண்டுபிடிக்கும்படி சுவையும் இல்லை. மறுநாள் கண் மங்கினால் ஹேங் ஓவர் என்று படுத்துவிடாமல் மருத்துவமனைக்கு ஓட வேண்டும் என்பதை ஒருவர் தெரிந்துகொண்டாலும் எனக்குப் போதும்.

கல்லூரி நிர்வாகத்துக்கு வருகிறேன். உங்கள் விடுதி விதிப் புத்தகத்தை நான் வாசித்தேன். மது அருந்தியதாகத் தெரிந்தால் விடுதியிலிருந்து நீக்கம், உடன் இருந்து மறைத்தவருக்கும் அதே தண்டனை என்று அதில் இருக்கிறது. உடன் இருந்து, மறைக்காமல், உதவி கேட்டு ஓடி வந்தவருக்கு என்ன என்று ஒரு சொல்லும் இல்லை. அந்த மௌனத்தைப் பையன்கள் எப்படிப் புரிந்துகொள்வார்கள் என்று நினைக்கிறீர்கள்? மொட்டைமாடியில் என் தம்பிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் புரிந்துகொண்டது போலத்தான்.

நீங்கள் கண்டிக்க வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. கண்டியுங்கள், பெற்றோரை அழையுங்கள், ஆலோசகரிடம் அனுப்புங்கள். எல்லாம் அவன் பிழைத்த பிறகு. “உயிருக்கு ஆபத்தான நிலையில் உதவி கேட்டு அழைக்கும் மாணவர்மீதும், யாருக்காக அழைக்கப்பட்டதோ அவர்மீதும் ஒழுங்கு நடவடிக்கை எடுக்கப்படாது, காப்பாளரின் கதவை எந்நேரமும் தட்டலாம்” என்ற ஒரு வரியை அந்தப் புத்தகத்தில் சேர்த்து, விடுதியின் அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். ஒட்டிய பலகையின் படத்தை எனக்கு அனுப்பி வையுங்கள். என் தாளிலிருந்து எந்தெந்த வரிகளை நீக்க வேண்டும் என்று நீங்கள் கேட்கிறீர்களோ, அதைப் பற்றி அதன் பிறகு உட்கார்ந்து பேசலாம்.