லாபத்தில் மட்டும் பங்கு கேட்கும் கூட்டாளி

வரியைப் பற்றிய சண்டை எங்கே நடந்தாலும் இரண்டே கட்சிதான். வரியைக் குறைத்துப் பாருங்கள், ஆளுக்கொரு கம்பெனி தொடங்கிவிடுவார்கள் என்பது ஒன்று. அரசு செலவழித்தால்தான் நாடு எழும், வரி கட்ட முனகுகிறவர் சுயநலக்காரர் என்பது இன்னொன்று. நான் பல வருடம் முதல் கட்சியில் இருந்தவன். குவைத்தைப் பற்றிப் படித்தபோதுதான் கொஞ்சம் தடுமாறினேன்.

குவைத்தில் தனிநபர் வருமான வரியே கிடையாது. முதலுக்கும் பஞ்சமில்லை. எங்கள் கட்சியின் கணக்குப்படி அங்கே தடுக்கி விழுந்தால் ஒரு தொழில்முனைவோர் மேல்தான் விழ வேண்டும். ஆனால் வேலையில் இருக்கும் குவைத் குடிமக்களில் மிகப் பெரும்பாலோர் அரசு ஊழியர்கள். அவர்களைச் சோம்பேறிகள் என்று சொல்லிவிடுவது சுலபம், ஆனால் சரியில்லை. எண்ணெய்ப் பணத்தில் அரசே நல்ல சம்பளமும் நிம்மதியான வேலையும் கொடுக்கும்போது, அதை விட்டுவிட்டுக் கடன் வாங்கித் தொழில் தொடங்க யாருக்கு மனம் வரும்? வரி வாங்காத அரசு, தன் செலவாலேயே தொழில் ஆசையை விலைக்கு வாங்கிவிட்டது.

இப்போது ஸ்வீடனைப் பாருங்கள். மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 40 சதவீதத்துக்கு மேல் வரியாகப் போகும் நாடு. இணையக் கட்டண நிறுவனமான கிளார்னா 2005இலும், பாட்டுக் கேட்கும் செயலியான ஸ்பாட்டிஃபை 2006இலும் தொடங்கியது அங்கேதான்.

சரி, அப்படியானால் வரி ஒரு பொருட்டே இல்லையா? அதுவும் இல்லை. இதே ஸ்வீடன் 1970களில் தன் தொழில்காரர்களை ஊரைவிட்டு ஓட வைத்த நாடு. இகேயா என்ற மரச்சாமான் நிறுவனத்தை உருவாக்கிய இங்வார் கம்ப்ராட் 1973இல் டென்மார்க்குக்குக் குடிபெயர்ந்தார், பிறகு சுவிட்சர்லாந்து. திரும்பி வந்தது 2014இல். 1976இல் குழந்தை எழுத்தாளர் ஆஸ்ட்ரிட் லிண்ட்கிரன் தன் வரிக் கணக்கைப் பார்த்து அதிர்ந்தார். கூடுதலாகச் சம்பாதிக்கும் பணத்துக்கு அவர் கட்ட வேண்டிய வரி 102 சதவீதம்! அதாவது நூறு சம்பாதித்தால் கையிலிருந்து இரண்டு போகும். சுயதொழில் செய்கிறவர் என்பதால் தொழிலாளியின் வருமான வரி, முதலாளி கட்ட வேண்டிய சமூகப் பாதுகாப்புக் கட்டணம் இரண்டும் அவர் ஒருவர் தலையில் விழுந்தன. அதைக் கேலி செய்து ஒரு கதை எழுதிச் செய்தித்தாளில் வெளியிட்டார். அவருக்குக் கதை சொல்ல வரும், கணக்குப் போட வராது என்றார் நிதியமைச்சர். கணக்கு சரியாகத்தான் இருந்தது. நாற்பது வருடத்துக்கு மேல் ஆண்ட சமூக ஜனநாயகக் கட்சி அந்த வருடத் தேர்தலில் தோற்றது. லிண்ட்கிரன் அந்தக் கட்சியின் ஆதரவாளர் என்பதுதான் இதில் வேடிக்கை.

அந்த ஸ்வீடனுக்கும் இந்த ஸ்வீடனுக்கும் நடுவே என்ன மாறியது? அரசு செலவழிப்பதை நிறுத்திவிடவில்லை. வரி வாங்கும் விதத்தை மாற்றியது. 1991இல் வருமான வரியைத் திருத்தி எழுதினார்கள். 2004இல் வாரிசு வரி போனது, 2007இல் சொத்து வரி (வீட்டு வரி அல்ல, ஒருவரின் மொத்தச் செல்வத்தின் மீது வருடாவருடம் போடும் வரி) போனது. வாரிசு வரியை நீக்கியது வலதுசாரிகள் அல்ல, அதே சமூக ஜனநாயகக் கட்சிதான்.

எனக்கு இப்போது வரி விகிதத்தைவிட முக்கியமாகத் தெரிவது வேறொன்று. தொழில் செய்கிற ஒவ்வொருவருக்கும் கேட்காமலே வந்து சேரும் கூட்டாளி அரசு. லாபம் வந்தால் பங்கு கேட்கும், அது நியாயம். நட்டம் வந்தால் அந்தக் கூட்டாளி எங்கே போகிறார்?

எவ்ஸி டோமர், ரிச்சர்ட் மஸ்கிரேவ் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் 1944இலேயே இதை எழுதிவிட்டார்கள். லாபத்தில் 30 சதவீதம் எடுக்கிற அரசு, நட்டத்திலும் 30 சதவீதத்தை ஏற்றுக்கொண்டால், வரி இருந்தும் மக்கள் துணிந்து இறங்குவார்கள். சில சமயம் வரி இல்லாததைவிட அதிகமாகவே. அடி விழுந்தால் அதில் ஒரு பங்கைத் தாங்க ஒரு ஆள் இருக்கிறார் அல்லவா?

நடைமுறையில் அந்த ஆள் பெரிய நிறுவனத்துக்கு மட்டும் கிடைக்கிறார். பத்துத் தொழில் நடத்தும் நிறுவனம் பதினோராவதில் கையைச் சுட்டுக்கொண்டால், அந்த நட்டத்தை மற்ற பத்தின் லாபத்தில் கழித்துக்கொள்ளும். வரி குறையும், அதாவது அரசு நட்டத்தில் பங்கெடுத்துவிட்டது. ஒரே ஒரு தொழிலைத் தொடங்கியவருக்குக் கழிக்க வேறு லாபம் ஏது? அடுத்த வருடங்களுக்குக் கொண்டுபோகலாம் என்கிறது சட்டம். அடுத்த வருடம் தொழில் இருந்தால்தானே! முழுகிப்போன நிறுவனத்தோடு அதன் நட்டக் கணக்கும் புதைந்துபோகிறது. சட்டப் புத்தகத்தில் இருவருக்கும் ஒரே விகிதம். புதிதாக வருகிறவருக்குத்தான் அது கடுமையாக விழுகிறது.

எப்போது வாங்குகிறார்கள் என்பதும் அதே அளவு முக்கியம். நார்வேயில் இன்னும் சொத்து வரி இருக்கிறது. காசாகக் கையில் வராத பங்கு மதிப்புக்கும் அது உண்டு. நட்டத்தில் ஓடும் ஒரு ஸ்டார்ட்அப்பின் மதிப்பை முதலீட்டாளர்கள் ஏற்றிவிட்டால், நிறுவனருக்குக் காகிதத்தில் சொத்து, நிஜத்தில் வரி. 2022இல் விகிதம் ஏறிய பிறகு பல செல்வந்தர்கள் சுவிட்சர்லாந்துக்குப் போனார்கள். எஸ்டோனியா இதற்கு நேர் எதிர். 2000ஆம் ஆண்டிலிருந்து அங்கே நிறுவனத்துக்குள்ளேயே விட்டுவைக்கும் லாபத்துக்கு வரி இல்லை. லாபத்தை வெளியே எடுத்துப் பிரித்துக்கொள்ளும்போதுதான் வரி. அந்தச் சின்ன நாட்டின் ஸ்டார்ட்அப் பெருக்கத்துக்கு இது ஒன்றே காரணம் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் விதை நெல்லில் கை வைக்காத வரி அது.

அப்புறம், வரி கட்ட ஆகும் நேரம். உலக வங்கியின் 2020 அறிக்கையின்படி பிரேசிலில் ஒரு நடுத்தர நிறுவனம் வரி வேலைக்கு மட்டும் வருடத்துக்குச் சுமார் 1,500 மணி நேரம் செலவிட்டது. (சில நாடுகளின் தரவுகளில் கோளாறு என்று உலக வங்கியே பிறகு அந்த அறிக்கையை நிறுத்திவிட்டது தனிக் கதை.) பெரிய நிறுவனம் அதற்கு ஒரு துறையே வைத்துக்கொள்ளும். சின்னவர் ராத்திரி தூக்கத்தை வைத்துத்தான் கட்ட வேண்டும்.

இனி செலவுப் பக்கம். வில்லியம் பாமல் என்ற பொருளாதார அறிஞர் 1990இல் ஒரு வாதம் வைத்தார்: துணிந்து இறங்குகிறவர்கள் எல்லாச் சமூகத்திலும் உண்டு, ஆட்ட விதிகள்தான் அவர்களை எந்தப் பக்கம் திருப்புவது என்று முடிவு செய்கின்றன. எனக்கு இது மிகவும் பிடித்த வாதம். 1970களின் பிரிட்டனில் முதலீட்டு வருமானத்துக்கு உச்ச வரி 98 சதவீதம் வரை போனது. அப்படி ஒரு நாட்டில் கெட்டிக்காரர்கள் வரியைத் தவிர்க்கும் வழி தேடுவதில் கெட்டிக்காரத்தனத்தைக் காட்டுவார்கள். அதேபோல, அரசு டெண்டரே பெரிய வருமானமாக இருக்கும் இடத்தில் புதுப் பொருள் கண்டுபிடிப்பதைவிட அதிகாரியைக் கண்டுபிடிப்பது லாபம்.

நல்ல செலவு எப்படி இருக்கும் என்பதற்கு இஸ்ரேலின் யோஸ்மா திட்டத்தைச் சொல்வேன். 1993இல் 10 கோடி டாலரோடு தொடங்கினார்கள். தனியார் முதலீட்டு நிதிகளில் அரசு 40 சதவீதம் வரை போட்டது. தேறினால், போட்ட முதலும் வட்டியும் கொடுத்து அரசின் பங்கைத் தனியார் வாங்கிக்கொள்ளலாம். மேற்கொண்டு வரும் லாபம் அவர்களுக்கு. நட்டமென்றால் அரசும் சேர்ந்து ஏற்கும். வரி விஷயத்தில் பார்த்த கூட்டாளிக்கு நேர் எதிரான கூட்டாளி. பெரும்பாலான நிதிகள் அரசின் பங்கை வாங்கிவிட்டன.

ஆனால் இதைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது தொழிலுக்கென்று ஒதுக்காத செலவுதான். ஸ்வீடனில் 1998 முதல், தொழில் தொடங்கிப் பார்க்க ஆறு மாதம் வரை வேலையிலிருந்து விடுப்பு எடுக்கச் சட்டமே உண்டு. தேறாவிட்டால் பழைய நாற்காலிக்குத் திரும்பலாம். பிரான்ஸில் 2002இல் ஒரு விதி வந்தது: வேலையில்லாதவர் தொழில் தொடங்கித் தோற்றாலும் உதவித்தொகை உரிமை போகாது. புதிய நிறுவனங்கள் கூடின. தேறாதவை மட்டுமே குவியும் என்ற பயம் இருந்தது. ஆய்வாளர்கள் பார்த்தபோது தரம் குறைந்திருக்கவில்லை.

தொழில்முனைவுக்குப் பேர்போன அமெரிக்காவில் வேலை போனால் பெரும்பாலும் மருத்துவக் காப்பீடும் போகும். 65 வயதானால் மெடிகேர் என்ற அரசுக் காப்பீடு வந்துவிடும். 65ஐத் தொடப் போகிறவர்களையும் இப்போதுதான் தாண்டியவர்களையும் ஆய்வாளர்கள் ஒப்பிட்டார்கள். தாண்டியவர்களில் சொந்தத் தொழில் வைத்திருப்பவர்களின் விகிதம் சட்டென்று ஒரு படி ஏறியிருந்தது. அந்த யோசனைகளில் எத்தனை அவர்களுக்கு நாற்பது வயதில் வந்தவையோ.