ருஷேயின் புத்தகங்கள் அபூர்வப் பொருளாகப் பிறந்தவை அல்ல

அமெரிக்க ஓவியர் எட் ருஷே தன் புகைப்படப் புத்தகங்களைப் பணக்காரச் சேகரிப்பாளர்களுக்காகவே எண்ணிட்டு, குறைந்த பிரதிகளாக வெளியிட்டார், படங்களையெல்லாம் அவரே எடுத்தார் என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். பாதி சரி, மீதி தலைகீழ். 1963இல் அவர் சொந்தமாக வெளியிட்ட ‘இருபத்தாறு பெட்ரோல் நிலையங்கள்’ முதல் பதிப்பு 400 பிரதிகள், எண்ணிட்டதும் உண்மைதான். ஆனால் எண்ணிட்டது தவறு என்று 1965இல் அவரே ஒரு பேட்டியில் ஒப்புக்கொண்டார். 1969இல் வந்த மூன்றாம் பதிப்பு 3,000 பிரதிகள், எண் கிடையாது. இன்றைய ஏல விலையை அன்றைய நோக்கத்தின் தலையில் கட்டக்கூடாது.

எல்லாப் படங்களையும் அவரே எடுத்தார் என்பதும் பிழை. 1967இல் வந்த வாகன நிறுத்துமிடப் புத்தகத்துக்கு வானிலிருந்து படமெடுத்தவர் ஆர்ட் அலானிஸ். ஆளில்லாத அந்தத் தளங்களில் வண்டிகள் சொட்டிய எண்ணெய்க் கறைதான் கண்ணில் படும். கறை அடர்ந்த இடமே எல்லாரும் விரும்பி நிறுத்திய இடம்.

லாஸ் ஏஞ்சலஸின் சன்செட் ஸ்ட்ரிப் தெருக் கட்டடங்களைப் படங்களாகத் தொகுத்த புத்தகத்தையும் (1966) விரித்துப் பாருங்கள். மடிப்பு மடிப்பாக ஏறத்தாழ 25 அடி நீளம். தெருவின் ஒரு பக்கம் மேலே, எதிர்ப்பக்கம் கீழே தலைகீழாக, அடியில் கதவிலக்கங்கள். நகராட்சிக் கணக்கெடுப்பாளர்கூட இத்தனை பொறுமையாகக் குறித்திருக்கமாட்டார்.