தள்ளு இன் தக்கலை

அந்த வீடியோவை நீங்கள் எல்லோரும் பார்த்தாகிவிட்டது. பார்க்காதவர்கள் இனியும் பார்க்க வேண்டாம். தக்கலை தாண்டி ரோட்டோரம் நிற்கிற வெள்ளை வண்டி என்னுடையதுதான். அதை ரெக்கவரி வண்டியில் இழுத்து ஏற்றும்போது பக்கத்தில் பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நிற்கிற ஆளும் நான்தான். மார்த்தாண்டத்தில் கல்யாணம், அதனால் பட்டு வேட்டி. "மேக் இன் இந்தியா, தள்ளு இன் தக்கலை" என்று தலைப்பு வைத்து, சிரிக்கிற பொம்மைகளை வரிசையாக அடுக்கி, குடும்ப குரூப்பில் போட்டது அத்தான்தான் என்பதும் உங்களுக்குத் தெரியும். அங்கிருந்து ஊர் குரூப், பிறகு பழைய மாணவர் குரூப், கடைசியில் நான் வேலை பார்க்கிற ஆபீஸ் குரூப். என் வண்டி ஓடாவிட்டாலும் வீடியோ நன்றாக ஓடியது.

கோபம் இல்லை. (இருக்கிறது. நிதானமாக எழுதிப் பார்க்கிறேன்.)

சொல்ல வந்தது ஒன்றே ஒன்று. வெளிநாட்டுப் பேர் போட்ட வண்டி வழியில் நின்றால் அது அந்த வண்டியின் கோளாறு. நம்ம நாட்டுக் கம்பெனி வண்டி நின்றால் அது நாட்டின் கோளாறு. இந்தக் கணக்கு எனக்குப் புரியவே இல்லை.

என்ன நடந்தது என்று ஒருத்தர்கூடக் கேட்கவில்லை, அதனால் நானே சொல்கிறேன். முந்தின நாள் நல்ல மழை. காலையில் டீசல் அடித்தேன். கொஞ்ச தூரத்தில் ஃபில்டரில் தண்ணீர் என்று டேஷ்போர்டில் லைட் எரிந்தது. ஓரமாக நிறுத்திவிட்டேன். மெக்கானிக் அண்ணன் ஃபில்டரைக் கழற்றி ஒரு பாட்டிலில் பிடித்துக் காட்டினார். கீழே தண்ணீர், மேலே டீசல், நடுவில் கோடு போட்ட மாதிரி. இதில் வண்டி செய்த குற்றம் என்ன? எச்சரிக்க வேண்டிய நேரத்தில் எச்சரித்தது. அதே டீசலை ஜெர்மனி வண்டியில் ஊற்றினாலும் தள்ளத்தான் வேண்டும். அந்த பாட்டில் படத்தையும் குரூப்பில் போட்டேன். ஒரு லைக்குகூட இல்லை.

வண்டி என்ன கம்பெனி என்று இங்கே எழுத மாட்டேன். எழுதினால் பாதிப் பேர் விளம்பரம் என்பார்கள், மீதிப் பேர் அந்தக் கம்பெனியைத் திட்ட ஆரம்பிப்பார்கள். தெரிந்தவர்களுக்குத் தெரியும். லட்சம் கிலோமீட்டர் தாண்டி ஓடுகிறது. இன்ஜினில் கை வைத்ததில்லை.

இப்போது அத்தானுடைய "ஒரிஜினல் ஜப்பான்" வண்டிக்கு வருவோம். அவர் வைத்திருப்பது டொயோட்டா கிளான்சா. நல்ல வண்டி, குறை சொல்லவில்லை. ஆனால் அது மாருதி சுசுகியின் பலேனோதான். சுசுகி தன் ஆலையில் செய்து டொயோட்டாவுக்குக் கொடுக்க, அவர்கள் பேட்ஜ் மாற்றி 2019-லிருந்து விற்கிறார்கள். ரகசியம் ஒன்றும் இல்லை, இரண்டு கம்பெனியும் சொல்லியே விற்றார்கள். பக்கத்து வீட்டுக்காரர் பலேனோ வாங்கியபோது "மாருதிதானே, லோக்கல் தகரம்" என்று சொன்னவர் இதே அத்தான்தான். அதே தகரத்தில் வேறு எழுத்து ஒட்டியதும் ஜப்பான் இரும்பாகிவிட்டது. மாருதியில் பெரும்பங்கு ஜப்பான்காரன் கையில் இருக்கிறது என்று சொன்னால், "அது வேற, இது வேற" என்கிறார். என்ன வேறு என்று கேட்டால் டீ குடிக்கப் போய்விடுகிறார்.

இன்னொன்று. 1248 சிசி டீசல் இன்ஜின் ஒன்று இருந்தது, ஞாபகம் இருக்கிறதா? ஃபியட்காரன் உருவாக்கியது. மாருதி அதை வாங்கி ஸ்விஃப்டில் வைத்தது, டாடா இண்டிகா விஸ்டாவில் வைத்தது, ஃபியட் தன் புண்டோவில் வைத்தது. ஆளுக்கொரு பேர் சூட்டினார்கள், அவ்வளவுதான். நம்ம ஊரில் என்ன பேசினார்கள்? ஸ்விஃப்டில் இருந்தபோது "எளவு என்ன இன்ஜின் மக்கா!" விஸ்டாவில் இருந்தபோது "டாடாவா, டாக்ஸிக்கு ஓட்டலாம்." ஒரே இத்தாலி இன்ஜின். மரியாதை மட்டும் எந்த வீட்டுக்குப் போனது என்பதைப் பொறுத்து.

"வெளிநாட்டு வண்டி" என்று நீங்கள் சொல்கிற ஹூண்டாய் இருங்காட்டுக்கோட்டையில் செய்வது. 1998-ல் சான்ட்ரோ வந்ததே அங்கிருந்துதான். நம்ம ஊர் ஐடிஐயில் படித்துவிட்டு ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் கார் கம்பெனிகளுக்குப் போன பிள்ளைகளுக்குக் கணக்கே கிடையாது. அவன் அங்கே போல்ட் முறுக்கினால் வெளிநாட்டுத் தரம், அவன் அண்ணன் புனேயில் முறுக்கினால் தகர டப்பா. வெளிநாட்டுப் பேர் நின்றால் வண்டியின் கோளாறு, நம்ம பேர் நின்றால் நாட்டின் கோளாறு என்று நான் சொல்வது இதைத்தான்.

இதற்குள் கமெண்டில் வந்து "அப்போ இன்னோவாவப் பத்தி என்ன சொல்லுதிய?" என்று கேட்கப் போகிறீர்கள். இன்னோவா நல்ல வண்டி. அதற்கு முன்னால் குவாலிஸும் நல்ல வண்டி. வடசேரி ஸ்டாண்டில் டிரைவர்மாரிடம் கேட்டால் கையெடுத்துக் கும்பிடுவார்கள். நான் மறுக்கவில்லை. முடிந்தது, அடுத்து.

"இண்டிகா வந்த புதுசுல எப்படி இருந்துது, மறந்துட்டியா?" மறக்கவில்லை. 1998 கடைசியில் வந்தது, நிறையப் புகார் வந்தது, திருத்தி 2001-ல் வி2 என்ற புது மாடல் விட்டார்கள். ஒரு நாடு முதல்முறையாகத் தானே உருவாக்கியது என்று பேர் வாங்கிய கார் அது. இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. எந்த வீட்டிலும் இவ்வளவு பழைய பாவத்தைச் சொல்லிக்காட்டினால் அடிதடிதான் வரும். சரி, இப்போது வருகிற நம்ம வண்டிகளிலும் தொடுதிரை திடீரென்று கறுத்துப் போகிறது, சென்சார் சும்மா கத்துகிறது, சர்வீஸ் சென்டரில் மரியாதை இல்லை. எல்லாம் உண்மை. ஃபோக்ஸ்வாகன் 2015-ல் மாட்டியதும் உண்மைதானே? புகைப் பரிசோதனையை ஏமாற்ற சாஃப்ட்வேர் வைத்து உலகம் முழுக்க ஒரு கோடிக்கு மேல் வண்டி விற்றான். டகாட்டா ஏர்பேக்? உயிரைக் காக்க வேண்டிய பை வெடித்து உலோகத் துண்டை முகத்தில் அடித்தது. அசல் ஜப்பான் கம்பெனி, 2017-ல் திவால். இதற்கெல்லாம் யாராவது "ஜப்பான்காரன் இப்படித்தான்" என்று சிரிக்கிற பொம்மை போட்டீர்களா?

"பாதுகாப்பு வேற, ரிப்பேர் வராம ஓடறது வேற" என்று ஒரு படித்த தம்பி நேற்றே எழுதினார். தெரியும் தம்பி. இருந்தாலும் சொல்லிவைக்கிறேன், 2018-ல் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் ஐந்து நட்சத்திரம் வாங்கிய முதல் இந்தியத் தயாரிப்பு டாடாவின் நெக்ஸான். 2014-ல் அதே ஆட்கள் சோதித்துப் பூஜ்யம் போட்டதில் டாடாவின் நானோவும் இருந்தது, அதை மறைக்கவில்லை. ஆனால் கூடவே ஃபிகோ, போலோ, ஐ10 என்று ஏர்பேக் இல்லாத வெளிநாட்டுப் பேர்களும் இருந்தன.

அப்புறம் வளைகுடாக் கணக்கு. "நான் சவுதியில பதினைஞ்சு வருசம் ஓட்டினேன், ஒரு நாள் நின்னதில்ல" என்பார். அத்தான், அங்கே மழை பெய்தால் செய்தி, இங்கே மழை நின்றால் செய்தி. நம்ம மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. குளச்சல், முட்டம், மணவாளக்குறிச்சி பக்கம் வீடு இருந்தால் உப்புக்காற்று அடிவயிற்றைத் தின்றுவிடும், சைலன்சர் முதலில் போகும். குலசேகரம், கீரிப்பாறை பக்கம் ரப்பர் தோட்டத்து வழியில் ஏறி இறங்கினால் சக்கரத்தைத் தாங்குகிற லிங்க் ராடும் லோயர் ஆர்ம் புஷ்ஷும் எந்த நாட்டுக்காரன் செய்ததானாலும் தட்டத்தான் செய்யும். களியக்காவிளையிலிருந்து நாகர்கோவில் வரை ரோடு எப்படி இருக்கிறது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டாம். சவுதியில் கம்பெனி வண்டி, கம்பெனி பெட்ரோல், கம்பெனி சர்வீஸ். சாவியை மட்டும் நீங்கள் திருப்பினீர்கள்.

என் சித்தப்பா மகன் ஒரு வெளிநாட்டு வண்டி வைத்திருக்கிறான். பேர் வேண்டாம். ஒரு சென்சார் போய்விட்டது. பாகம் இங்கே இல்லை, திருவனந்தபுரத்தில் இல்லை, "வரும்" என்று மட்டும் சொல்கிறார்கள். வண்டி ஷெட்டில் கிடக்கிறது, அவன் பஸ்ஸில் வேலைக்குப் போகிறான். அதை யார் வீடியோ எடுத்தார்கள்? என் வண்டி அன்று சாயங்காலமே ஃபில்டர் மாற்றி வீட்டுக்கு வந்துவிட்டது.

அப்பா தக்கலை ஸ்டாண்டில் அம்பாசடர் ஓட்டினார். அதுவும் பிறப்பால் வெள்ளைக்காரன்தான், மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு. 1957-லிருந்து 2014 வரை வங்காளத்தில் உத்தர்பாராவில் செய்து செய்து நம்ம வண்டியாகிவிட்டது. பேச்சிப்பாறைக்கு ஏறும்போது சூடாகி நிற்கும். அப்பா இறங்கி, பானெட்டைத் தூக்கி, பீடி பற்றவைத்து, அது முடியும்வரை ஆறவிட்டு, தண்ணீர் ஊற்றி எடுப்பார். சவாரிக்காரர் யாரும் சிரித்ததில்லை. சிலர் இறங்கி மரச்சீனி விலை பேசிக்கொண்டிருப்பார்கள். வண்டி என்றால் நிற்கும், நின்றால் சரியாகும், எந்த ஜங்ஷனிலும் அதைச் சரியாக்க ஒரு ஆள் இருப்பான் என்ற தைரியம் இருந்தது. இன்று வண்டி நின்றால் முதலில் வருவது மெக்கானிக் இல்லை, செல்போன்.

இன்னும் ஒன்று உறுத்துகிறது. 2023 ஆகஸ்டில் சந்திரயான் இறங்கிய அன்று அதே குடும்ப குரூப்பில் தேசியக்கொடி ஸ்டேட்டஸ் வைத்தது யார்? ஆரல்வாய்மொழி தாண்டினால் மகேந்திரகிரி, ராக்கெட் இன்ஜின் சோதிக்கிற இடம். சரக்கல்விளை சிவன், மேலக்காட்டுவிளை நாராயணன் என்று இஸ்ரோ தலைவர் இருவர் நம்ம மண். அவர்களைப் பற்றிப் பேசினால் அத்தானுக்கு நெஞ்சு விரிகிறது. நம்ம ஆள் நிலாவுக்குப் போகிற இன்ஜின் செய்வான், மார்த்தாண்டத்துக்குப் போகிற இன்ஜின் செய்யத் தெரியாதா?

"உமக்கு ஏன் இவ்வளவு வலிக்குது, ஒரு காமெடிதானே" என்று இன்பாக்ஸில் ஒருவர் கேட்டார். எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். கேட்டுவிட்டீர்கள்.

எங்கள் அக்காவுக்குக் கல்யாணம் பேசியபோது அப்பா ஒரு கார் கொடுப்பதாகச் சொன்னார். சொன்னார் என்ன, கேட்டார்கள். நம்ம ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியாததா? வரதட்சணை கூடாதென்று 1961-லிருந்து சட்டம் இருக்கிறது, பந்தியில் யாரும் அதைப் பரிமாறுவதில்லை. நம்ம நாட்டு டீசல் வண்டி ஒன்றை அப்பாவே ஓட்டிப் பார்த்து, கீழே படுத்துப் பார்த்து, புக் செய்துவிட்டு வந்தார். வாழ்க்கை முழுக்க ஸ்டியரிங் பிடித்த மனிதர். மாப்பிள்ளை வீட்டிலிருந்து தகவல் வந்தது. "அந்த வண்டி அடிக்கடி வேலை வைக்குமாம், கொஞ்சம் கூடப் போட்டு வெளிநாட்டு வண்டியா எடுத்திருங்கோ." கொஞ்சம் என்பது குலசேகரத்தில் இருந்த ரப்பர் நிலத்தில் பாதி. "வண்டியப் பத்தி எனக்குச் சொல்லித் தாரானுவ" என்று அப்பா ஒருமுறை சொன்னார், அதுவும் எங்களிடம் இல்லை, அம்பாசடரைத் துடைத்துக்கொண்டு. பிறகு பத்திரம் எழுதப் போனார்.

அந்த வெளிநாட்டு வண்டி ஒழுங்காக ஓடியதா, எத்தனை முறை கேரேஜில் கிடந்தது, யார் காசில் சரிசெய்தார்கள் என்றெல்லாம் எழுத எனக்கு வாய் வருகிறது. அக்கா இதைப் படிப்பாள், அதனால் விட்டுவிடுகிறேன்.

ஆகவே நம்பகம், மறுவிற்பனை மதிப்பு, பில்ட் குவாலிட்டி என்று யாராவது என்னிடம் பேச வந்தால் நான் முதலில் பார்ப்பது, அந்த ஆள் தன் காசில் வாங்கிய வண்டியைப் பற்றிப் பேசுகிறாரா என்பதைத்தான். தன் காசில் வாங்கி, தன் காசில் சர்வீஸ் செய்து, "இந்த இந்திய வண்டி எனக்கு ஒத்துவரவில்லை" என்று சொல்கிறவர்கள் நண்பர்களில் பலர் இருக்கிறீர்கள். உங்களோடு எனக்குச் சண்டையே இல்லை. பில்லைக் கொண்டுவாருங்கள், உட்கார்ந்து பேசலாம், பாதி நானே ஒத்துக்கொள்வேன்.

"குடும்ப விஷயத்தை பேஸ்புக்கில் போடலாமா" என்று கேட்கப் போகிற பெரியவர்களுக்கு: குடும்ப குரூப்பில் போட்டது ஆபீஸ் வரைக்கும் வந்தபோது நீங்கள் யாரும் இதைக் கேட்கவில்லை.

அத்தானை யாரும் டேக் செய்ய வேண்டாம். நேற்றே என்னை பிளாக் செய்துவிட்டார். டீசலிலிருந்து தண்ணீர் எடுத்த மெக்கானிக் அண்ணன் நம்பர் கேட்டு நிறையப் பேர் எழுதியிருக்கிறீர்கள். இன்பாக்ஸில் தருகிறேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் கூப்பிடாதீர்கள், போன் எடுக்க மாட்டார். ஜப்பான் வண்டிக்காரர்களுக்கும் எடுக்க மாட்டார்.