ஓஜி-கிரீ மொழி அழிந்துவிட்டதா? உண்மை என்ன?

"கனடாவின் ஓஜி-கிரீ என்பது தனி மக்களே அல்ல, இரு இனங்கள் கலந்த கலப்பினம், அவர்கள் மொழியும் அழிந்துவிட்டது" என்று ஒரு பதிவு சுற்றி வருகிறது. இரண்டுமே தவறு.

முதலில் மொழி. அது இன்றும் வீடுகளில் புழங்குகிறது. 2016 கனடா மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் இதைத் தாய்மொழியாகக் குறிப்பிட்டிருக்கிறார்கள். அல்கொன்கிய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்த இதை ஒஜிப்வே என்ற பழங்குடி மொழியின் ஒரு கிளையாகவே மொழியியலாளர்கள் வகைப்படுத்துகிறார்கள். கிரீ என்ற இன்னொரு பழங்குடி மொழியின் தாக்கம் நிறைய உண்டு, அதற்காக அரைகுறைக் கலவை என்பது அநியாயம். எழுதுவதும் பெரும்பாலும் கிரீ அசை எழுத்துகளில்தான். சூ லுக்அவுட் நகரிலிருந்து இயங்கும் வாவாடே நிறுவனம் 1970களிலிருந்து இந்த மொழியில் செய்தியும் வானொலியும் தருகிறது.

அப்புறம் மக்கள். அவர்கள் தங்களை அனிஷினினிவக் என்றே அழைத்துக்கொள்கிறார்கள். ஒன்டாரியோ மாகாணத்தின் வடமேற்கில் சேண்டி லேக், பேர்ஸ்கின் லேக், மஸ்கிராட் டேம் போன்ற ஊர்கள். மனிடோபா மாகாணத்தில் ஐலண்ட் லேக் பகுதியின் கார்டன் ஹில், செயின்ட் தெரசா பாயின்ட், வாசகமேக் போன்றவை. பலவற்றுக்கு ஆண்டு முழுவதும் சாலை கிடையாது. விமானம், இல்லையென்றால் குளிர்காலப் பனிச்சாலை.

இல்லாத மக்களா 2008இல் தங்கள் நிலத்துக்காகச் சிறை சென்றார்கள்? பிக் ட்ரவுட் லேக்கில் உள்ள கிச்செனுமேகூசிப் இன்னினுவுக் சமூகத்தின் தலைவர் உள்ளிட்ட ஆறு பேர் சுரங்க நிறுவனம் துளையிடுவதை எதிர்த்ததற்காக அடைக்கப்பட்டார்கள். அந்தப் பதிவு உங்களுக்கு வந்தால், தயவுசெய்து பகிராதீர்கள்.