அவர் பாட்டைச் சாட்சிக் கூண்டில் ஏற்றாதீர்கள்

அந்தப் பதிவையும் அதன் கீழே எனக்கு விழுந்த பதிலையும் பார்த்துவிட்டு இன்பாக்ஸில் நிறையப் பேர் கேட்டுவிட்டீர்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்ல முடியவில்லை, அதனால் இங்கேயே எழுதிவிடுகிறேன். கோபத்தோடு எழுதக்கூடாது என்று இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தேன். கோபம் போகவில்லை.

ஃப்ரைட்டண்ட் ராபிட் என்ற ஸ்காட்லாந்து பேண்டின் பாட்டு வரிகளை ஒன்பது படங்களாக அடுக்கி, இருட்டான வரியாகத் தேடித் தேடி மஞ்சள் கோடு போட்டு, மேலே "எல்லாவற்றையும் முன்பே சொல்லிவிட்டுத்தான் போனார்" என்று ஒரு தலைப்பு. நான் கீழே ஒரே வரிதான் எழுதினேன், இந்தப் பாட்டுகளை இப்படிப் படிக்காதீர்கள், வலிக்கிறது என்று. அதற்கு அந்தத் தம்பி சொன்ன பதில்: "பல வருஷம் எட்டிக்கூடப் பார்க்காதவர்கள் ஆள் போன பிறகு உரிமை கொண்டாட வருகிறார்கள். ஐந்தாவது ஆல்பத்தில் எத்தனை பாட்டு என்று மேடம் சொல்லட்டும் பார்க்கலாம்."

நான் நடுவில் கேட்பதை விட்டுவிட்டேன் என்பது அவருக்கு எப்படித் தெரியும் என்றால், போன வருடம் நானே இங்கே எழுதியிருந்தேன். மனம் விட்டு எழுதியதை எடுத்து என் மேலேயே வீசிவிட்டார். சரி, அதற்கு அப்புறம் வருகிறேன். முதலில் பாட்டு.

அந்தப் பேண்டின் பாடகர், பாட்டுகளை எழுதியவர் ஸ்காட் ஹட்சிசன் 2018 மே மாதம் காணாமல் போய், இரண்டு நாளில் இறந்தது உறுதியானது. வயது 36. அந்த ஒன்பது படங்களில் முதல் இடத்தில் இருப்பது 2008ல் வந்த 'த மிட்நைட் ஆர்கன் ஃபைட்' ஆல்பத்தின் கடைசிக்கு முந்தின பாட்டு. அவருடைய சாவுக்குப் பத்து வருடம் முந்தையது. அந்தப் பாட்டில் வரும் மனிதன் சாவதில்லை, தம்பி. சாவைப் பற்றி யோசிக்கிறான், யோசித்துவிட்டு இப்போது வேண்டாம் என்று தள்ளிப்போடுகிறான். பாட்டு முழுக்கக் கேட்ட யாருக்கும் இது தெரியும். நீங்கள் கோடு போட்டது அவன் யோசிக்கும் இடத்துக்கு. அவன் திரும்பும் இடத்துக்கு ஏன் போடவில்லை?

அதே ஆல்பத்தில் இன்னொரு பாட்டு இருக்கிறது, உயிரோடு இருக்கும்வரை இந்த உலகத்தில் சின்னச் சின்ன மாற்றங்கள் செய்துகொண்டிருப்பேன் என்று சொல்வது. அவர் போன பிறகு 2019ல் அவருடைய குடும்பம் ஸ்காட்லாந்தில் குழந்தைகள், இளைஞர்களின் மனநலத்துக்காக ஒரு அறக்கட்டளை தொடங்கியது. 'டைனி சேஞ்சஸ்' என்ற அதன் பெயர் அந்தப் பாட்டிலிருந்து எடுத்ததுதான். அவரைப் பெற்றவர்கள், அவரோடு பிறந்தவர்கள் அத்தனை பாட்டுகளிலிருந்தும் தங்களுக்கென்று எடுத்துக்கொண்டது அந்த வரியை. ஒன்பது படத்தில் அது இல்லை. நான் இரண்டு தடவை எண்ணிப் பார்த்தேன்.

"அவரே எழுதியதுதானே, நாங்கள் எடுத்துக் காட்டத்தானே செய்கிறோம்" என்பீர்கள். எழுதினார், மறுக்கவில்லை. மன அழுத்தம் பற்றி அவர் ஒளிவுமறைவில்லாமல் பேசினார், அதையும் மறுக்கவில்லை. அதைக் கேட்டுத்தான் என்னைப் போன்றவர்களுக்கு நமக்கு மட்டும் இல்லை இது என்று தோன்றியது. ஆனால் ஒரு மனிதன் பதினைந்து வருடம் எழுதிய அத்தனையையும் அவனுடைய கடைசி ஒரு நாளிலிருந்து பின்னோக்கிப் படித்தால், அந்த ஆல்பத்தில் உள்ள கெட்ட வார்த்தையும் காமமும் நக்கலும் எங்கே போகும்? அந்த ஆல்பத்தின் பெயரே ஒரு பச்சையான ஜோக். மேடையில் ஒரு பாட்டுக்கும் அடுத்த பாட்டுக்கும் நடுவில் அவர் பேசிச் சிரிக்க வைக்கும் வீடியோக்கள் யூடியூபில் கொட்டிக் கிடக்கின்றன. கூட்டம் சிரித்து முடிப்பதற்குள் அவருடைய தம்பி கிராண்ட் டிரம்ஸை அடிக்க ஆரம்பிப்பார், அத்தனை பேரும் தொண்டை கிழியப் பாடுவார்கள். சாகப்போகிற ஒருவனைப் பார்க்க வந்த கூட்டமாகவா அது தெரிகிறது? தங்கள் வீட்டில் நடந்ததை இன்னொருத்தன் சத்தமாகச் சொல்லிவிட்டான் என்ற நிம்மதி தெரிகிறது அந்த முகங்களில்.

அந்த நிம்மதி எனக்குத் தெரியும். 2009. எனக்கும் ஒருவருக்கும் இருந்தது முடிந்து மூன்று மாதம். வீட்டில் யாருக்கும் தெரியாது, அதனால் அழுவதற்குக்கூட நேரம் பார்க்க வேண்டியிருந்தது. ஒரு தோழி பென்டிரைவில் ஆல்பத்தைப் போட்டுக் கொடுத்து, "வரி புரியாது, பரவாயில்லை கேள்" என்றாள். நிஜமாகவே புரியவில்லை. செல்கிர்க் என்ற சின்ன ஊரில் வளர்ந்த அந்த ஆள் தன் ஸ்காட்டிஷ் உச்சரிப்பை ஒரு எழுத்துக்கூட மாற்றாமல் பாடுகிறார். எனக்கு அந்த ஆங்கிலம் பழக ஒரு வாரம் ஆனது. ஹெட்போனைப் போட்டுக்கொண்டு போர்வைக்குள் வரிகளை ஒவ்வொன்றாகத் தேடிப் படித்தேன். முதல் பாட்டிலேயே தன்னை ஒரு தொழுநோயாளி என்று சொல்லிக்கொள்கிறார், என்னிடம் ஏன் திரும்பத் திரும்ப வருகிறாய் என்று கேட்கிறார். நான் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். அழகான சோகமாக இல்லை அது. அசிங்கமாக, பொறாமையோடு, கெஞ்சிக்கொண்டு, அடுத்த நிமிடமே திட்டிக்கொண்டு. நான் எப்படி இருந்தேனோ அப்படி.

அந்த வருடம் முழுக்க வேறு எதையும் கேட்டதாக நினைவில்லை. 2010ல் மூன்றாவது ஆல்பம் வந்தது, ஒலி பெரிதாகிவிட்டது, அடுக்கடுக்காக இருக்கிறது என்று பழைய ரசிகர்கள் நிறையப் பேர் முகம் சுளித்தார்கள். எனக்கு அதுவும் பிடித்தது. 2013ல் பெரிய நிறுவனத்துக்குப் போய் நான்காவது ஆல்பம். அதற்குள் எனக்குத் திருமணம் ஆகிவிட்டது. நன்றாக இருந்தேன். நன்றாக இருந்தேன் என்பதுதான் காரணம், வேறு ஒன்றும் இல்லை. அந்தக் குரல் கேட்டாலே அந்தப் போர்வைக்குள் இருந்த பெண் ஞாபகம் வந்தாள், அவளைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை. 2016ல் ஐந்தாவது வந்தபோது, த நேஷனல் பேண்டின் ஆரன் டெஸ்னர் தயாரித்தது என்றார்கள், இரண்டு பாட்டு கேட்டேன், குழந்தை அழுதது, மூடிவிட்டேன். திரும்பத் திறக்கவே இல்லை.

இதற்குத்தான் "எட்டிப் பார்க்காதவர்கள்" என்று பெயர் வைத்திருக்கிறீர்கள்.

தம்பி, ஒரு பேண்ட் மேல் இருக்கும் பிரியம் ஒரே சூட்டில் இருக்காது. இருபத்திரண்டு வயதில் அந்தப் பாட்டு இல்லாமல் தூங்க முடியாது, முப்பதில் அது வேண்டாம், முப்பத்தைந்தில் வேறு காரணத்துக்காக வேண்டும். நடுவில் கேட்காமல் இருந்ததால் முன்னால் கேட்டது பொய்யாகிவிடுமா? வருகைப் பதிவேடு வைத்துக்கொண்டா ஒருவர் மேல் துக்கப்பட வேண்டும்? எத்தனை ஆல்பம், எத்தனை பாட்டு என்று கேள்வித்தாள் நீட்டுகிறீர்களே, அந்தப் பாட்டு என்னை அன்றைக்கு எங்கிருந்து தூக்கி நிறுத்தியது என்று உங்கள் கேள்வித்தாளில் எங்கே எழுதுவது?

"வெறும் பாட்டுக்கு இவ்வளவா" என்று சிலர் வருவீர்கள். உங்களுக்கு என்னிடம் பதில் இல்லை.

ஒன்றை மட்டும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் உங்கள் பதில் என்னைச் சுட்டது இதனால்தான். செய்தி வந்த அன்று எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, வெட்கம். எனக்கு வலித்தபோது அவரை எடுத்துக்கொண்டேன், வலி நின்றதும் காலியான மருந்து பாட்டிலைப் போல வைத்துவிட்டேன். நான் அந்தப் போர்வையை விட்டு வெளியே வந்துவிட்டேன், அவர் வரவில்லை, அதை நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் ஐந்தாவது ஆல்பத்தைக் கேட்டிருந்தால் அவர் பிழைத்திருப்பார் என்று நினைக்கும் அளவுக்கு நான் பைத்தியம் இல்லை. ஆனாலும் ராத்திரிகளில் அப்படித்தான் தோன்றியது. அதற்கப்புறம் ஒரு வருடத்துக்கு மேல் ஒரு பாட்டைக்கூட என்னால் போட முடியவில்லை. முதல் கிட்டார் தட்டலிலேயே நிறுத்திவிடுவேன்.

திரும்பி வந்தது மற்றவர்களின் குரல் வழியாக. 2019 ஜூலையில் பிஃபி கிளைரோ, ஜூலியன் பேக்கர், பென் கிப்பர்ட், த ட்விலைட் சாட் எல்லோரும் 2008 ஆல்பத்தின் பாட்டுகளைப் பாடி ஒரு தொகுப்பு வந்தது. அஞ்சலி என்று நினைத்துத்தான் கேட்க ஆரம்பித்தேன். பிறகுதான் தெரிந்தது, அது ஆல்பத்தின் பத்தாம் ஆண்டுக்காக அவர் உயிரோடு இருக்கும்போதே, அவரும் சேர்ந்து தொடங்கிய வேலை. பிறந்தநாளுக்கு வாங்கி வைத்த பரிசு அது. நாங்கள்தான் அதை மாலையாகப் பார்த்தோம். அன்றைக்கு முதல் முறையாக அந்தப் பாட்டுகள் சாவுக்கு முன்னால் எப்படி இருந்தனவோ அப்படி எனக்குத் திரும்பக் கிடைத்தன. அதனால்தான் அந்த மஞ்சள் கோடுகளைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கஷ்டப்பட்டு மீட்டதை யாரோ மறுபடியும் பிணவறைக்குக் கொண்டுபோவது போல இருந்தது.

நீங்களும் அவரை நேசிக்கிறீர்கள் என்று தெரியும். உங்கள் வயதுக்கு நீங்கள் இந்தப் பாட்டுகளைக் கண்டுபிடித்ததே 2018க்குப் பிறகாக இருக்கலாம், அப்படியென்றால் முடிவு தெரிந்தேதான் முதல் பாட்டைக் கேட்டிருப்பீர்கள், அது உங்கள் தப்பு இல்லை. அதற்காக அந்தத் தலைப்பை நான் ஏற்றுக்கொள்ள மாட்டேன். அவர் எதையும் முன்கூட்டிச் சொல்லிவிட்டுப் போகவில்லை. பாட்டு எழுதினார்.

நேற்று ராத்திரி பிள்ளைகள் தூங்கிய பிறகு ஹெட்போனைத் தேடி எடுத்து, எட்டு வருடத்துக்கு மேலாகத் திறக்காத அந்த ஐந்தாவது ஆல்பத்தை முதலிலிருந்து கடைசிவரை கேட்டேன். கிட்டாரை விட சிந்தசைசர் அதிகம், முதல் இரண்டு பாட்டைத் தாண்டியதும் எல்லாமே எனக்குப் புதிது. ஆறாவது பாட்டில், சுற்றியிருக்கும் இடம் எவ்வளவு மோசமானாலும் எனக்கு இன்னும் இங்கேதான் இருக்க வேண்டும், உன்னோடு இருக்க வேண்டும் என்று திரும்பத் திரும்பப் பாடுகிறார். அதற்கும் நான் மஞ்சள் கோடு போடப் போவதில்லை. மூன்று தடவை கேட்டேன், அவ்வளவுதான்.

மொத்தம் பன்னிரண்டு பாட்டு, தம்பி.