இணைப்பு என்றால் காணி பறிப்பு இல்லை

இலங்கையின் வடக்கில் உள்ள சுண்டிக்குளம் நீரேரிப் பூங்காவை மற்றச் சரணாலயங்களோடு ஒரு வலையமைப்பாக இணைத்தால் இடையில் கிடக்கும் வயலும் காணியும் வனஜீவராசிகள் திணைக்களத்துக்குப் போய்விடும் என்று ஒரு அண்ணா எழுதியிருக்கிறார். காணி பற்றிய பயம் எங்கள் சனத்துக்குச் சும்மா வந்ததில்லை. ஆனாலும் இந்தத் தகவல் பிழை.

சுண்டிக்குளம் 1938இலேயே பறவைகள் சரணாலயம். 2015இல் தேசியப் பூங்காவானது. அந்த எல்லைக்குள் சட்டம் கடுமைதான். வலையமைப்பு என்பது அந்த எல்லையை நீட்டுவதல்ல. வெளியே உள்ள காணி உரியவரிடமே இருக்க, உயிர்கள் வந்துபோகும் வழியை அடைக்காமல் வைத்திருப்பது. ஐரோப்பிய ஒன்றியத்தின் இயற்கைப் பாதுகாப்புப் பகுதிகளை இணைக்கும் நேச்சுரா 2000 வலையமைப்பில் தனியார் காணிகள் ஏராளம். அங்கே விவசாயமும் நடக்கிறது.

மாரியில் நீரேரி ஓரம் நின்று பாருங்கள். வலசை வரும் சின்ன உள்ளான் பறவைகள் ஆழத் தண்ணீரில் இரை தேடாது. கரையில் ஈரம் மினுங்கும் சேற்றைத்தான் குத்திக் குத்தித் தின்னும். நீர் ஏறிச் சேறு மூடினால் பக்கத்துத் தரவைக்கோ வயலுக்கோ எழும்பிப் போகும். அந்த வயல் வயலாக இருந்தாலே போதும். மண் போட்டு நிரப்பினால்தான் தொடர்பு அறும். இறாலும் அப்படித்தான்: கடலில் முட்டையிடும், குஞ்சு நீரேரிக்குள் வந்து வளரும். முகத்துவாரம் அடைபட்டால் பூங்காப் பெயர்ப்பலகை அதைக் காப்பாற்றாது.

திட்டம் என்று ஏதும் வந்தால் மீனவர் சங்கமும் கமக்காரர் அமைப்பும் பேச்சில் இருக்கிறதா என்று கேளுங்கள், அண்ணா. அதை நானும் சேர்ந்து கேட்பேன்.